நவகிரகக் கோயில்கள் ஒன்பதும் இரண்டு நாளில்: நடை சாத்தும் நேரத்தை வைத்துத் திட்டமிடும் முறை

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஒன்பது நவகிரகத் தலங்களையும் தரிசிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். "எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்று ஆரம்பித்து, மதியம் ஒரு மணிக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நிற்கிறார்கள். இந்தப் பயணத்தை முடிவு செய்வது தூரமல்ல, நடை திறந்து சாத்தும் நேரம். காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, பிறகு மாலை நான்கிலிருந்து எட்டரை வரை. பொதுவாக இவ்வளவுதான் நம் கையில் இருக்கும் நேரம். நடுவில் உள்ள மூன்றரை மணி நேரத்தில் எந்தக் கோயிலையும் எதிர்பார்க்க முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை வைத்து அமைந்ததுதான்.

1. ஒன்பதுமா, ஒன்று மட்டுமா?

வண்டி பேசுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடியுங்கள். ஜாதகத்தைப் பார்த்து "செவ்வாய்க்குச் செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் உங்களுக்குத் தேவை வைத்தீஸ்வரன் கோயில் மட்டும்தான். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கி, குளத்தில் கால் நனைத்து, அபிஷேகம் பார்த்து, நிதானமாக உட்கார்ந்து வருவது ஒன்பது கோயில்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நல்லது. பரிகாரத்துக்கென்று போகிறவர்கள் ஒன்பதையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் எதற்காக வந்தோமோ அந்தச் சந்நிதியில் ஐந்து நிமிடம்தான் நின்றோம் என்று வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் குறிப்பிட்ட பரிகாரமும் இல்லை, ஒன்பது கிரகங்களையும் ஒரு முறை தரிசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து தொடங்கிய நவகிரகச் சிறப்புப் பேருந்து நல்ல வழி. விடியற்காலை கிளம்பி, மதிய இடைவேளையைச் சாப்பாட்டுக்கு விட்டு, இரவில் திரும்பும்படி அதன் நேரத்தை அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கோயிலிலும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அர்ச்சனை, அபிஷேகம், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் என்றால் அது சரிவராது. ஓடும் நாட்களையும் கட்டணத்தையும் கிளம்பும் வாரத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரை நாள்தான் இருக்கிறதா? சூரியனார் கோயில் ஒன்றுக்கு மட்டும் போங்கள். அங்கே சூரியனைச் சுற்றி மற்ற எட்டுக் கிரகங்களுக்கும் தனித்தனிச் சந்நிதிகள் இருக்கின்றன.

2. நாள் குறிப்பது

ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய கிழமையில் அந்தக் கோயிலில் கூட்டம் பல மடங்காகும். செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோயில், வியாழக்கிழமை ஆலங்குடி, சனிக்கிழமை திருநள்ளாறு. ஒன்பதையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்களுக்குக் கிழமை பொருந்தவே போவதில்லை. எனவே எந்தக் கோயிலிலும் அதன் கிழமை வராதபடி நாளைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

அதற்குச் சனி, ஞாயிறு அழகாகப் பொருந்துகிறது. சனிக்கிழமை மேற்குப் பக்கக் கோயில்களையும் சூரியனார் கோயிலையும் முடித்து, ஞாயிற்றுக்கிழமை திருநள்ளாறுக்குப் போனால் சூரியனுக்குரிய ஞாயிறும் சனிக்குரிய சனிக்கிழமையும் இரண்டும் விலகிவிடுகின்றன. அலுவலகம் போகிறவர்களுக்கு விடுப்பும் தேவையில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை. ராகு தலமான திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகத்தை நடை திறந்திருக்கும் நேரத்திலேயே பார்க்கலாம். புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30, வியாழக்கிழமை 1.30 முதல் 3. அந்த நாட்களில் அது உச்சி வேளையில் போய் விழுகிறது.

நாள்காட்டியில் பார்த்து விலக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. முகூர்த்த நாட்களில் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் அறை கிடைப்பது கடினம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடத்த வருகிறவர்களும் இந்த ஊர்களில்தான் தங்குகிறார்கள். பிரதோஷம் என்றால் மாலை 4.30 முதல் 6 வரை எல்லாச் சிவன் கோயிலிலும் கூட்டம் நிற்கும், உங்கள் மாலைத் திட்டம் அப்படியே தள்ளிப்போகும். கிரகண நாளில் நடை சாத்துவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடைமழை பெய்யும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே பிரகாரத்துக் கல் கால் வைக்க முடியாத சூடு ஆகிவிடும். தையும் மாசியும்தான் என் கணக்கில் நல்ல மாதங்கள்.

கிரகம் ராசி மாறும் பெயர்ச்சி நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் கணிக்க இரண்டு முறைகள் உண்டு, இரண்டுக்கும் தேதி மாறும். 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று பல நாள்காட்டிகளில் போட்டிருந்தது திருக்கணிதப்படி. திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால், அங்கே அன்று பெயர்ச்சி விழா இல்லை, 2026இல்தான் என்று கோயில் நிர்வாகமே அறிவிக்க வேண்டியிருந்தது. பெயர்ச்சிக்காகப் போகிறீர்கள் என்றால் கோயில் அறிவித்த தேதியைப் பாருங்கள். பெயர்ச்சிக்காகப் போகவில்லை என்றால் அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுத் தேதியை உறுதி செய்யுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு மாதவிலக்கு நாளோடு மோதுகிறது என்று தெரிந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் மாத்திரை போட்டுக்கொள்ளும் நிலைமை பல வீடுகளில் வருகிறது. முதலிலேயே கேட்டால் தேதியை நகர்த்துவது மிகச் சுலபம்.

3. வரைபடத்தில் சரியான ஊரைக் குறியுங்கள்

சின்ன வேலைதான், ஆனால் இதில் கோட்டைவிட்டால் அரை நாள் போய்விடும். கூகுள் மேப்பில் ஊர் பெயரை மட்டும் போடாதீர்கள். குரு தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி உண்டு, அது வேறு. சந்திரன் தலமான திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கம். ஈரோடு மாவட்டத்திலும் ஒரு திங்களூர் இருக்கிறது. சென்னை குன்றத்தூரில் வடதிருநாகேஸ்வரம் உண்டு.

சுவாமி பெயரோடு சேர்த்துத் தேடிச் சேமித்துவிடுங்கள்: திங்களூர் கைலாசநாதர் (சந்திரன்), ஆலங்குடி ஆபத்சகாயேஸ்வரர் (குரு), திருநாகேஸ்வரம் நாகநாதசுவாமி (ராகு), சூரியனார் கோயில் (சூரியன்), கஞ்சனூர் அக்னீஸ்வரர் (சுக்கிரன்), வைத்தீஸ்வரன் கோயில் வைத்தியநாதர் (செவ்வாய்), திருவெண்காடு சுவேதாரண்யேஸ்வரர் (புதன்), கீழப்பெரும்பள்ளம் நாகநாதர் (கேது), திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் (சனி). ராகு, கேது இரண்டு தலத்திலும் சுவாமி பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அங்கே ஊர் பெயரையும் கவனியுங்கள். ஒன்பது புள்ளிகளும் ஒரே திரையில் தெரியும்படி பார்த்துவிட்டால் அடுத்த படி தானாகவே விளங்கும்.

4. வரிசை: மேற்கிலிருந்து கிழக்கு

"சூரியன்ல ஆரம்பிச்சு கேதுவில முடிக்கணுமாமே" என்று கேட்காதவர்கள் குறைவு. அப்படிப் போனால் கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கும் சூரியனார் கோயிலிலிருந்து மேற்கே திருவையாறு பக்கம் திங்களூர், அங்கிருந்து திரும்பவும் கிழக்குக் கோடியில் வைத்தீஸ்வரன் கோயில், பிறகு திருவெண்காடு, அப்புறம் மறுபடியும் ஆலங்குடி என்று போன வழியிலேயே போய் வந்துகொண்டிருக்க வேண்டும். நேரமெல்லாம் வண்டியில் போய்விடும். மனசு கேட்கவில்லை என்றால், வீட்டிலிருந்து கிளம்பும்போது சூரியனை நினைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்று கொத்துகளாகப் பிரியுங்கள். மேற்கும் தெற்கும், கும்பகோணத்தை ஒட்டியும்: திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம். நடுவில், காவிரிக்கு வடகரையில்: சூரியனார் கோயில், கஞ்சனூர். கிழக்கே கடலை நோக்கி: வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. முதல் இரண்டு கொத்தும் ஒரு நாள், மூன்றாவது கொத்து ஒரு நாள்.

திருநள்ளாற்றைக் கடைசியில் வைப்பதற்கு வரைபடம் மட்டும் காரணமில்லை. சனீஸ்வரரைத் தரிசித்த பிறகு வேறு கோயிலுக்குப் போகாமல் நேராக வீடு திரும்ப வேண்டும் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் உண்டு. நீங்கள் நம்பாவிட்டாலும் வண்டியில் வரும் பாட்டி நம்புவார். அவரைச் சங்கடப்படுத்தாத வரிசைதான் நல்ல வரிசை.

5. ரயில், அறை, வண்டி

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயிலான உழவன் விரைவு ரயில், பகல் ரயிலான சோழன் விரைவு ரயில் இரண்டும் கும்பகோணத்தில் நிற்கும். கோவைப் பக்கமிருந்து மயிலாடுதுறை ஜனசதாப்தி இருக்கிறது. முடிந்தால் வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் வந்து இரவு நன்றாகத் தூங்குங்கள். விடியற்காலை ரயிலில் இறங்கி அப்படியே ஓட ஆரம்பித்தால், மதியத்துக்குள் குழந்தைகள் துவண்டுபோய்விடும்.

அறைகளில் கேட்க வேண்டியது வாடகை மட்டுமல்ல, செக்-அவுட் முறை. பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டிய விடுதியா, 24 மணி நேரக் கணக்கா? இரவு வந்து சேருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும், ஏனென்றால் முதல் நாள் மதிய இடைவேளையில் படுக்க அறை தேவைப்படும். முதல் இரவு கும்பகோணத்திலும் இரண்டாம் இரவு மயிலாடுதுறையிலும் தங்குங்கள். மூட்டை முடிச்சை மாற்றுவது தொந்தரவாகத் தோன்றும். ஆனால் இரண்டாம் நாள் காலையில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பீர்கள், காலைப் பொழுதில் பெரிய மிச்சம் அதுதான்.

வாடகை வண்டியைக் கும்பகோணத்திலேயே பிடிப்பது என் பரிந்துரை. உள்ளூர் ஓட்டுநருக்குக் குறுக்குச் சாலைகள் தெரியும், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்றும் தெரியும். பேசும்போது இவற்றைக் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்: கிலோமீட்டர் வாடகை எவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் உண்டா, ஓட்டுநர் பேட்டா, இரவு தங்கல், பார்க்கிங் யார் கொடுப்பது, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட் சேரும் வரை கணக்கா அல்லது ஏறிய இடத்திலிருந்தா.

அதோடு முக்கியமான ஒன்று. திருநள்ளாறு தமிழ்நாட்டில் இல்லை, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறது. "வண்டிக்குப் புதுச்சேரி பர்மிட் இருக்கா, இல்லேன்னா யார் கட்டணும்?" என்று முன்பே கேளுங்கள். எல்லையில் போய் நின்று இதைப் பேசினால் கசப்புதான் மிஞ்சும்.

6. கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு காகிதம். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒன்பது நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சனைத் தட்டோடு ஒரு நகலைக் குருக்களிடம் கொடுத்தால் போதும். இல்லையென்றால் ஒவ்வொரு சந்நிதியிலும் "மாப்பிள்ளை என்ன நட்சத்திரம்?" என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் வரிசை காத்துக்கொண்டிருக்கும்.

தானியம் வைத்து வழிபடுகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒன்பது சிறு பொட்டலங்கள் கட்டிப் பெயர் எழுதிக்கொள்ளலாம். சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல் அல்லது பச்சரிசி, செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. கோயில் வாசலிலும் இவை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி விலை பேசி வாங்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு கோயில் தரிசன நேரம் ஆகிவிடும். பூவை மட்டும் அந்தந்த இடத்திலேயே வாங்குங்கள், வண்டியின் சூட்டில் வாடிவிடும்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை. திருநள்ளாற்றில் நீராடும் குளமான நள தீர்த்தத்துக்கு மாற்றுடையும் துண்டும், அதற்கென்று தனிப் பை. தண்ணீர். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களின் மாத்திரையை டிக்கியில் இருக்கும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சாப்பிடாமல் விரதமாக வருவது இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது. முதல் கோயில் முடிந்ததும் இட்லியாவது சாப்பிட்டாக வேண்டும். செருப்பை வண்டியிலேயே கழற்றிவிடுங்கள், ஒவ்வொரு வாசலிலும் டோக்கன் வாங்கும் வேலை மிச்சம்.

7. முதல் நாள்

காலை 5.15க்குக் கும்பகோணத்திலிருந்து கிளம்புங்கள். திங்களூர் மேற்கே தள்ளி, திருவையாறு சாலையில் திருப்பழனத்தை ஒட்டிச் சற்று உள்ளே இருக்கிறது. தூரமான கோயிலை முதலில் வைப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும், நடை திறந்ததும் உள்ளே போய்விடலாம். சிறிய, அமைதியான கோயில். நாயன்மார்களில் ஒருவரான அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர். இங்கே அரை மணி நேரம் தாராளம்.

திரும்பும் வழியில் சுவாமிமலை வரும். "முருகனையும் பார்த்துட்டுப் போயிடலாமே" என்று குரல் எழும். இந்தப் பயணத்தைக் கெடுப்பது இந்தக் குரல்தான். சுவாமிமலை, ஒப்பிலியப்பன், பட்டீஸ்வரம், திருபுவனம், திருக்கடையூர் எல்லாமே வழியில்தான் இருக்கின்றன, எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவையும் அதே பன்னிரண்டரை மணிக்குத்தான் நடை சாத்துகின்றன. ஒன்றைச் சேர்த்தால் ஒன்பதில் ஒன்று விழும். அவற்றுக்குத் தனியாக இன்னொரு முறை வாருங்கள்.

கும்பகோணத்தில் டிபன் முடித்து, 8.45க்குத் திருநாகேஸ்வரம். முதலில் நாகநாதரையும் அம்பாளையும் தரிசித்துவிட்டு, 9 மணிக்கு ராகு காலம் தொடங்கும்போது ராகு பகவான் சந்நிதிக்கு வந்துவிடுங்கள். இங்கே ராகு நாகவல்லி, நாககன்னி என்ற துணைவியரோடு இருக்கிறார். அபிஷேகப் பால் அவர் மேனியில் பட்டதும் நீல நிறமாகத் தெரிவதைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டும். பின்வரிசையில் நிற்கும் குழந்தைக்கு எதுவும் தெரியாது, முன்னாலேயே போய் இடம் பிடிப்பதுதான் வழி.

10.15க்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். ஆலங்குடி கும்பகோணத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர், நீங்கள் ஊரைத் தாண்டி வலங்கைமான் வழியாகப் போக வேண்டும். 11.15க்குள் உள்ளே போய்விட்டால் நிம்மதி. இங்கே 24 நெய்விளக்கு ஏற்றி 24 முறை வலம் வரும் வழக்கம் உண்டு. அதைச் செய்ய நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மற்ற நாட்களில் வருகிறவர்கள்போல ஆலங்குடியை முன்னாலும் திருநாகேஸ்வரத்தைப் பின்னாலும் மாற்றிக்கொள்ளலாம், ராகு கால அபிஷேகத்தை மட்டும் விட வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே காலையில் ஒட்டாது.

மதியம் சாப்பிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள். இது ஓய்வுக்காக ஒதுக்கிய நேரம், கடைத்தெருவுக்கு அல்ல. 3.30க்கு அறையைக் காலி செய்து மூட்டைகளோடு கிளம்புங்கள்.

சூரியனார் கோயிலுக்கு முன்னால் பக்கத்திலேயே இருக்கும் திருமங்கலக்குடியில் பிராணநாதரையும் மங்களாம்பிகையையும் தரிசிப்பது மரபு. ஒன்பதில் சேராத கோயில்களில் நான் விட வேண்டாம் என்று சொல்வது இது ஒன்றைத்தான். 4 மணிக்கு அங்கே, 4.45க்குச் சூரியனார் கோயில், 6 மணிக்குக் கஞ்சனூர். கஞ்சனூரில் புதிதாக வருகிறவர்கள் சுக்கிரன் சந்நிதி எங்கே என்று தேடிக்கொண்டு சுற்றுகிறார்கள். அக்னீஸ்வரரையே சுக்கிரனாகப் பாவித்து வழிபடுவது இங்கே மரபு, எனவே மூலவரிடமே அர்ச்சனை செய்துகொள்ளுங்கள். முடித்துவிட்டு மயிலாடுதுறை. அதிகம் போனால் எட்டரைக்கு அறையில் இருப்பீர்கள்.

8. இரண்டாம் நாள்

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு 6.30க்குள். ஒன்பதில் பெரிய கோயில்களில் ஒன்று, அதனால் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வைத்தியநாதர், தையல்நாயகி, செல்வமுத்துக்குமாரசுவாமி, பிறகு அங்காரகன் என்ற செவ்வாய். பிரசாதமாகத் திருச்சாந்துருண்டை தருவார்கள். வெளியே வந்ததும் நாடி ஜோதிடத்துக்கு அழைக்க ஆட்கள் சூழ்வார்கள். பார்க்க வேண்டும் என்று நீங்களே நினைத்து வந்திருந்தால் அது வேறு விஷயம், ஆனால் "அஞ்சு நிமிஷம்தான் சார்" என்பதை நம்பிப் போனால் அந்தக் காலை அங்கேயே முடிந்துவிடும்.

டிபனுக்குப் பிறகு 9 மணிக்குத் திருவெண்காடு. சூரிய, சந்திர, அக்னி என்று மூன்று தீர்த்தங்கள் இருக்கின்றன. சிவனின் உக்கிர வடிவமான அகோரமூர்த்தியைத் தரிசிக்காமல் புதனை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், அவ்வளவு அருமையான மூர்த்தம் அது. ஒன்றேகால் மணி நேரம் கொடுங்கள்.

10.45க்குக் கீழப்பெரும்பள்ளம். பூம்புகாருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோயில். சின்னக் கோயில்களில் ஆள் வரத்துக் குறைவாக இருந்தால் நடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிடலாம் என்பதால், இதைப் பன்னிரண்டு மணி வரை இழுக்கவே கூடாது. நேரம் தட்டினால் திருவெண்காட்டையும் இதையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கப்புறம் நான்கு மணி நேரம் கைவசம் இருக்கிறது. பூம்புகார் கடற்கரை, அல்லது காரைக்கால் போகும் வழியில் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடற்காற்றும் மதிய இடைவேளையைப் போக்க நல்ல இடம். வழியில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 3.30க்குத் திருநள்ளாறு போய்ச் சேருங்கள்.

நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் காரைக்காலில் தங்கி மறுநாள் விடியற்காலையில் போவதே சரி. மாலையில் வயதானவர்கள் ஈரத்தலையோடு நின்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, பெரும்பாலோர் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு போகிறார்கள். குளித்த துணியைக் குளத்திலோ கரையிலோ விடாதீர்கள். பையில் சுற்றி எடுத்துப் போய் வீட்டில் துவையுங்கள், அல்லது அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். அந்தக் குளத்தைச் சுத்தம் செய்கிற மனிதர்கள் அள்ளும் துணியைப் பார்த்தவர்களுக்கு மறுபடி அங்கே எதையும் வீச மனசு வராது.

ஞாயிறு இரவே திரும்ப வேண்டும் என்றால் ஏழு மணிக்கு முன்னால் கிளம்பி மயிலாடுதுறையில் இரவு ரயிலைப் பிடிக்கலாம்.

9. கோயிலுக்குள் செய்ய வேண்டிய வரிசை

சூரியனார் கோயிலைத் தவிர மற்ற எல்லாமே சிவன் கோயில்கள். கிரகம் அங்கே பரிவாரம். எனவே பிள்ளையார், மூலவர், அம்பாள், பிறகுதான் கிரகச் சந்நிதி. திருநள்ளாற்றில் நேராகச் சனீஸ்வரர் வரிசையில் போய் நின்று, நளனுக்கு அருள்செய்த தர்ப்பாரண்யேஸ்வரரைப் பார்க்காமலேயே வெளியே வருகிறவர்கள் ஏராளம். யார் முன்னால் சனியின் பிடி தளர்ந்தது என்று புராணம் சொல்கிறதோ அவரையே விட்டுவிட்டு வருவதில் என்ன பொருள்?

உள்ளே போனதும் ஒருவர் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போகட்டும், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும். சீட்டைத் தேவஸ்தானக் கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். "தோஷ பரிகாரம் நான் செஞ்சு தர்றேன்" என்று வாசலில் அழைப்பவர் யாராக இருந்தாலும், ரசீது தருவீர்களா என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். எல்லாக் கோயிலுக்கும் ஒரே இணையதளத்தில் முன்பதிவு செய்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். சில கோயில்கள் தமிழக அறநிலையத்துறையிடம், வைத்தீஸ்வரன் கோயில் தருமபுரம் ஆதீனத்திடம், திருநள்ளாறு புதுச்சேரியின் கீழ். அபிஷேகம், ஹோமம் செய்ய நினைத்தால் அந்தந்தக் கோயில் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து நேரம் கேளுங்கள்.

10. நேரம் தவறினால் எதை விடுவது

டயர் பஞ்சர் ஆகும், ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போகும், ரயில் தாமதமாகும். அப்போது வண்டிக்குள் உட்கார்ந்து விவாதிக்காமல் இருக்க, முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் தாமதமானால் காலையில் திங்களூரை விட்டுவிடுங்கள். அதுதான் மற்ற எட்டோடும் ஒட்டாமல் தனியாக இருக்கிறது, அதை எட்டிப் பிடிக்கப் போனால் ஆலங்குடியும் போய்விடும். சூரியனார் கோயிலில் சந்திரனுக்கும் சந்நிதி இருக்கிறது, அன்று மாலை அங்கே வெண்மலர் சாத்திக் கும்பிட்டுக்கொள்ளலாம். முதல் நாள் மாலை தாமதமானால் கஞ்சனூரை மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள், எட்டு மணிக்குள் போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் விடுங்கள். இரண்டாம் நாள் காலையில் தாமதமானால் முதலில் கீழப்பெரும்பள்ளம், பிறகு திருவெண்காடு என்று மாற்றுங்கள், வைத்தீஸ்வரன் கோயிலை மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொண்டு திருநள்ளாற்றுக்கு இரவு ஏழரைக்குள் சேரப் பாருங்கள். அந்த நிலையில் அன்றைய இரவு ரயிலை விட்டுவிட்டுக் காரைக்காலில் அறை எடுப்பதே நல்லது, இல்லாவிட்டால் சனீஸ்வரர் சந்நிதியில் நிற்கும்போதும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.